சரக்கு ரயிலுக்கு வழி எங்கே அடைபடுகிறது? – வாசகர் கேள்வி, பதில்

ரயில் பாதைகளின் சரக்குக் கொள்திறன், நாளைய தேவைக்கான திட்டமிடல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஓர் ஒற்றைப் பாதையின் பயன்பாடு 120 சதவீதம் என்று அறிக்கையில் படித்தேன். நூறைத் தாண்டி எப்படி ரயில் ஓட்ட முடியும்?

பதில்: அந்த நூறு எதன் நூறு என்று பார்த்தால் குழப்பம் தீரும். ஒற்றைப் பாதைக்கு ஸ்காட் சூத்திரம் என்ற பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாளின் 1,440 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே கடக்க அதிக நேரம் பிடிக்கும் பிளாக் செக்‌ஷன் எது என்று தேடுங்கள். சரக்கு ரயில் அதைக் கடக்கும் நேரத்தோடு, சிக்னல் கொடுத்து வாங்க ஆகும் நேரத்தைக் கூட்டி, 1,440-ஐ அதனால் வகுக்க வேண்டும்.

கடக்க 15 நிமிடம், சிக்னல் வேலைக்கு 5 நிமிடம் என்றால் மொத்தம் 20. 1,440-ஐ 20-ஆல் வகுத்தால் 72 ரயில், இரண்டு திசைக்கும் சேர்த்து. இது காகிதக் கணக்கு. தண்டவாளப் பராமரிப்பு, தாமதம், பழுது எல்லாவற்றுக்கும் இடம் விட்டு இதை 0.7-ஆல் பெருக்குவார்கள். வருவது 50. அறிக்கை நூறு சதவீதம் என்று சொல்வது இந்த 50-ஐத்தான். அங்கே 60 ரயில் ஓடினால் 120 சதவீதம். காகிதத்தில் உள்ள 72-இல் அது 83 சதவீதம் என்பதால் ஓட்ட முடிகிறது.

ஆனால் அந்தப் பத்து ரயிலுக்கான நேரம் பராமரிப்புக்கும் தாமதத்தை ஈடுகட்டவும் ஒதுக்கிய நேரத்திலிருந்துதான் வந்திருக்கிறது. பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தி வைக்கும் நேரம் கிடைக்காத பாதையில் வேகக் கட்டுப்பாடுகள் பெருகும். வேகம் குறைந்தால் அந்த 15 நிமிடம் 17 ஆகும், கொள்திறன் மேலும் சுருங்கும். அதனால் 120 என்ற எண்ணைத் திறமையின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதை தன் உடம்பையே தின்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

இன்னொன்று. அந்த நீண்ட செக்‌ஷனின் நடுவில், எதிரெதிர் ரயில்கள் ஒன்றையொன்று கடக்க ஒரு கிராசிங் ஸ்டேஷன் கட்டினால் கொள்திறன் இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அடுத்த நீண்ட செக்‌ஷன் 13 நிமிடம் என்றால் இனிமேல் கணக்கு அதை வைத்துத்தான். 18 நிமிடத்துக்கு 80 ரயில், 0.7-ஆல் பெருக்கினால் 56. கிடைத்தது ஆறு ரயில் மட்டுமே. செக்‌ஷன்களை நேர வாரியாக வரிசைப்படுத்தி, முதல் நான்கைந்தை ஒரே திட்டத்தில் சரிசெய்தால்தான் போட்ட காசுக்குப் பலன் தெரியும். சராசரி செக்‌ஷன் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்த திட்டங்கள் நிறைய.

கேள்வி: இரட்டைப் பாதைக்கும் இதே கணக்குத்தானா?

பதில்: அங்கே கால அட்டவணையையே நெருக்கிப் பார்க்கும் முறை வசதியானது. சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் யுஐசி 406 விதி அதைச் சொல்கிறது. ரயில்களின் வரிசையை மாற்றாமல், ஒன்றன் பின் ஒன்றாக எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குங்கள். மொத்த நேரத்தில் அவை பிடிக்கும் பங்கே பயன்பாடு. பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் கலந்து ஓடும் பாதையில் நாள் முழுவதற்கும் 60 சதவீதம், நெரிசல் நேரத்தில் 75 சதவீதம் என்பது அந்த விதி காட்டும் அளவு. அதற்கு மேல் போனால் ஒரு ரயிலின் தாமதம் அடுத்த ரயிலுக்குத் தொற்றி, மாலைவரை தீராது.

கேள்வி: பயணிகள் ரயிலின் வேகத்தைக் கூட்டினால் அவை சீக்கிரம் பாதையை விட்டு விலகிவிடும். சரக்கு ரயிலுக்கு அதிக இடம் கிடைக்குமே?

பதில்: தனித்தனிப் பாதையாக இருந்தால் சரி. ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும்போது நடப்பது நேர் எதிர்.

60 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் ஒதுங்க இடமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் சரக்கு ரயில் அதை 60 நிமிடத்தில் கடக்கும். 110-இல் ஓடும் பயணிகள் ரயில் 33 நிமிடத்தில் கடக்கும். சரக்கு ரயில் முதலில் கிளம்பிவிட்டால், பின்னால் வருவது அதை முட்டாமலிருக்க 27 நிமிட வித்தியாசமும், குறைந்தபட்ச இடைவெளி 6 நிமிடமும் சேர்த்து 33 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரே வேகத்தில் ஓடும் ரயில்களானால் அந்த 33 நிமிடத்தில் ஐந்தை அனுப்பியிருக்கலாம்.

இப்போது பயணிகள் ரயிலை 160-க்கு உயர்த்துங்கள். கடக்கும் நேரம் 22.5 நிமிடம், வித்தியாசம் 37.5 நிமிடம். காத்திருப்பு கிட்டத்தட்ட 44 நிமிடமாகிறது. பயணிகளுக்குப் பத்து நிமிடம் மிச்சம், சரக்குக்கு இடம் குறைகிறது. மாறாக, சரக்கு ரயிலை 60-லிருந்து 75-க்கு ஏற்றினால் அது 48 நிமிடத்தில் கடக்கும். 110-இல் ஓடும் ரயிலோடு வித்தியாசம் 15 நிமிடமாகச் சுருங்குகிறது. மெதுவானதை வேகமாக்குவதுதான் கலப்புப் பாதையில் மலிவான கொள்திறன். நல்ல போகி (வேகனின் சக்கரச் சட்டம்), நல்ல பிரேக், டன்னுக்குக் கூடுதல் இழுவை, காலி வேகனுக்கு உள்ள வேகக் கட்டுப்பாட்டை நீக்குவது ஆகிய செலவுகள் புதுப் பாதை போடும் செலவில் சிறு பங்கு.

வேகத்தை மாற்ற முடியாவிட்டால் 20 கிலோமீட்டருக்கு ஒரு லூப், அதாவது ரயில் ஒதுங்கி நிற்க ஒரு பக்கத் தடம் போடலாம். முந்தவிடும் தூரம் மூன்றிலொன்றாவதால் வித்தியாசமும் 27-லிருந்து 9 நிமிடமாகிறது. ஒரே வேக ரயில்களைக் கொத்துக் கொத்தாக அனுப்புவதும் உதவும். ஆனால் ஐந்து சரக்கு ரயிலை வரிசையாக அனுப்பினால் ஐந்தும் வரிசையாகப் போய் அடுத்த யார்டில், அதாவது ரயில்களை நிறுத்திப் பிரித்துச் சேர்க்கும் இடத்தில் இறங்கும். அங்கே ஐந்து வெற்றுத் தடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் நீளத்தைக் கூட்டுவது நல்ல யோசனையாகத் தெரிகிறது. ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை?

பதில்: நல்ல யோசனைதான், இதில் தடை லூப்பின் நீளம். ஐரோப்பாவின் முக்கிய வழித்தடங்களில் இலக்கு 740 மீட்டர் ரயில். இந்தியாவில் பல காலம் 686 மீட்டர் லூப்தான் அடிப்படை. அந்த 686 எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். பாக்ஸ்என் வகை நிலக்கரி வேகன் ஒன்றின் நீளம் 10.7 மீட்டர். 58 வேகனுக்கு 621 மீட்டர். இரண்டு மின்சார இன்ஜினுக்கு 41 மீட்டர், கார்டு வண்டிக்குப் பதினான்கு மீட்டர் போல. மிச்சம் பத்து மீட்டர்தான். இன்னொரு வேகனைச் சேர்த்தால் வாலோ தலையோ மெயின் லைனை மறிக்கும்.

நீட்டுவது என்றால் தண்டவாளம் போடுவது மட்டுமில்லை. ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்டை நகர்த்த வேண்டும். சிக்னல், கேபிள், பாயின்ட் மோட்டார், மேலே மின்கம்பிக் கம்பங்கள் எல்லாம் கூடவே நகரும். சிக்னலும் பாயின்ட்டும் முரண்படாமல் பூட்டி வைக்கும் இன்டர்லாக்கிங்கைத் திருத்திச் சோதித்தாக வேண்டும். நீட்டும் பக்கம் ஒரு லெவல் கிராசிங்கோ சிறு பாலமோ இருந்தால் செலவு அங்கேதான் எகிறும். சரிவும் கவனிக்க வேண்டிய விஷயம். ரயில் நிற்கும் தடம் கிட்டத்தட்ட சமதளமாக இருக்க வேண்டும். 1-க்கு 400-ஐவிட (400 மீட்டருக்கு ஒரு மீட்டர்) சரிவு கூடினால் பிரேக் விட்ட வேகன் தானே உருளும்.

பத்து லூப்பில் மூன்றை நீட்டிவிட்டுத் திறப்பு விழா வைப்பதில் பயனில்லை. நீளமான ரயில் புறப்படும் யார்டு, சேரும் யார்டு, நடுவில் ஒதுங்கும் லூப்புகள் எல்லாம் ஒரே நீளத்துக்கு வந்தால்தான் அந்த வழித்தடமே மாறும். பணம் குறைவென்றால் ஒரு வழி இருக்கிறது. ஒற்றைப் பாதையில் நீளமான ரயில்களை ஒரு திசையில் மட்டும் ஓட்டுங்கள். எதிரே வரும் குட்டை ரயில் லூப்பில் ஒதுங்கும், நீளமானது மெயின் லைனிலேயே கடந்து போகும். பாரம் ஒரே திசையில் போகும் சுரங்க, துறைமுக வழித்தடங்களுக்கு இது பொருந்தும். ஆனால் காலி வேகன்களைக் குட்டை ரயில்களாகத் திருப்ப வேண்டியிருப்பதால் திரும்பும் திசையில் ரயில் எண்ணிக்கை கூடும். அதையும் கணக்கில் சேருங்கள்.

1,500 மீட்டர் ரயிலுக்குப் போகும்போது பிரேக் பெரிய விஷயமாகிறது. அவசரப் பிரேக்கின் காற்றழுத்த அலை நொடிக்குச் சுமார் 250 மீட்டர் ஓடும். முன்னாலிருந்து வால்வரை போய்ச் சேர ஆறு நொடி. தலை நிற்கப் பார்க்க, வால் தள்ளிக்கொண்டு வரும். வேகன்களை இணைக்கும் கப்ளர் அறுவதும் காலி வேகன் தடம் புரள்வதும் இங்கேதான். நடுவிலோ வாலிலோ ஓர் இன்ஜினை வைத்து ரேடியோவில் இயக்கினால் பிரேக் பல இடத்தில் ஒரே நேரம் பிடிக்கும், காற்றும் சீக்கிரம் நிரம்பும்.

கேள்வி: அச்சுப் பளுவைக் கூட்டுவதில் என்ன லாபம்?

பதில்: அச்சுப் பளு என்பது ஒரு ஜோடிச் சக்கரம் தண்டவாளத்தில் இறக்கும் எடை. நான்கு அச்சு வேகனில் அச்சுக்கு 22.9 டன் என்றால் மொத்தம் 91.6 டன். 25 டன் என்றால் 100 டன். வேகனுக்கு 8.4 டன், 58 வேகனுக்கு 487 டன் கூடுதல். ஒரு புது ரயில்கூட ஓட்டாமல் இது கிடைக்கிறது. தண்டவாளம், ஸ்லீப்பர், மண்மேடு, பாலம் எல்லாம் அதைத் தாங்க வேண்டும். இவற்றில் பாலம்தான் கறார். முந்நூறு கிலோமீட்டரில் ஒரே ஒரு பழைய கர்டர் பாலம் தாங்காது என்றால் முந்நூறு கிலோமீட்டருக்கும் பழைய பளுதான். மண்மேட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். களிமண் மேட்டில் பளு கூடினால் மழைக்காலத்தில் ஜல்லி உள்ளே இறங்கி, தடம் அலை அலையாகக் கிடக்கும்.

கேள்வி: சிக்னலை நவீனமாக்குவதா, மூன்றாவது தடம் போடுவதா? எது முதலில்?

பதில்: பெரும்பாலும் சிக்னல். பத்து கிலோமீட்டர் பிளாக்கில் ஒரே ஒரு ரயில்தான் இருக்கலாம் என்றால், மணிக்கு 50-இல் ஓடும் சரக்கு ரயில் அதைக் காலி செய்ய 12 நிமிடம், சிக்னல் வேலை 5 நிமிடம். அடுத்த ரயில் 17 நிமிடம் கழித்துத்தான். கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி சிக்னல் வைத்தால் இடைவெளி ஐந்தாறு நிமிடத்துக்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. ஏற்றத்தில் சிக்னல் வைக்கும்போது அங்கே சிவப்பில் நின்ற பாரவண்டி மறுபடி கிளம்புமா என்று கணக்கிடுங்கள். 4,000 டன் ரயில் 1-க்கு 100 ஏற்றத்தில் நின்றால், ஏற்றத்துக்கு மட்டும் 40 டன் இழுவை, உருள் தடைக்கு 8 டன். மொத்தம் 48 டன், அதாவது சுமார் 470 கிலோநியூட்டன். 460 கிலோநியூட்டன் இழுக்கும் ஓர் இன்ஜின் அங்கே தோற்றுவிடும். அதே ரயில் 1-க்கு 200 ஏற்றத்தில் 28 டன் இழுவையில் நகரும், ஓர் இன்ஜினே போதும். மழையில் சக்கரம் வழுக்கினால் இந்த எண்கள் இன்னும் மோசமாகும். ஏற்றத்தில் திணறி நிற்கும் ஒரு ரயில், தானியங்கி சிக்னலால் சேர்த்த அன்றைய லாபம் முழுவதையும் தின்றுவிடும். அந்தச் சிக்னலை ஏற்றத்தின் அடிக்கோ உச்சிக்கு அப்பாலோ தள்ளினால் போதும், பெரிய செலவில்லை.

கேள்வி: பாதையில் நெரிசலே இல்லை, ஆனாலும் சரக்கு நாள்கணக்கில் தாமதமாகிறது. வேகன் தட்டுப்பாடு என்கிறார்கள். இன்னும் வேகன் வாங்கினால் தீருமா?

பதில்: பல நேரம் தீராது, கூடும். வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான்.

ரேக் என்பது ஒரு முழு ரயிலாக ஓடும் வேகன் தொகுதி. தேவையான ரேக் எண்ணிக்கை என்பது ஒரு நாளைக்கு ஏற்றும் ரேக்கை ஒரு சுற்றுக்கு (ஏற்றி, இறக்கி, காலியாகத் திரும்பி வர) ஆகும் நாளால் பெருக்கினால் வருவது. நாளுக்கு 10 ரேக், சுற்றுக்கு 5 நாள் என்றால் 50 ரேக். சுற்றை 4 நாளாக்கினால் 40 போதும். பத்து ரேக் சும்மா கிடைத்த மாதிரி. எனவே முதல் வேலை, ஒரு ரேக்கின் ஐந்து நாளும் எங்கே போகிறது என்று மணிக்கணக்கில் எழுதிப் பார்ப்பது. உண்மையில் சக்கரம் உருளும் நேரம் பெரும்பாலும் பாதிகூட இருக்காது.

மிச்ச நேரம் சரக்கை ஏற்றி இறக்கும் டெர்மினலில்தான். நிலக்கரி ரேக் ஒன்று மின் நிலையத்துக்கு வருகிறது. இறக்கும் தடம் பாதி ரேக் நீளமே என்றால் 29 வேகனாக இரண்டாக வெட்ட வேண்டும். கப்ளர் கழற்றி, காற்றுக் குழாய் பிரித்து, இழுத்து, திரும்ப மாட்டி, பிரேக் சோதிக்க வேண்டும். டிப்ளர் என்ற எந்திரம் மணிக்கு 20 வேகனைக் கவிழ்க்கும் என்றால் 58 வேகனுக்கு மூன்று மணி நேரம். மழைக்காலத்தில் ஈர நிலக்கரி அடியில் ஒட்டிக்கொண்டு மணிக்கு 12-ஆகக் குறைந்தால் ஐந்து மணி நேரம். காலியான பிறகு வேகன் பரிசோதனை, இன்ஜினுக்குக் காத்திருப்பு, லோகோ பைலட்டுக்குக் காத்திருப்பு, மெயின் லைனில் ஏற இடம் கிடைக்கக் காத்திருப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியது. கூட்டினால் இறக்கும் நேரத்தைவிட அதிகம்.

டெர்மினலுக்கு எத்தனை தடம் வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நாளுக்கு 6 ரேக், ஒவ்வொன்றும் தடத்தில் 10 மணி நேரம் என்றால் 60 தடமணி. 24-ஆல் வகுத்தால் 2.5. ரேக்குகள் சீராக வராமல் சேர்ந்து வரும் என்பதால் 0.7-ஆல் வகுக்க, 3.6, அதாவது நான்கு தடம். இன்ஜின் சுற்றி வர ஒரு தடம் தனி. பத்து மணியை ஏழாகக் குறைத்தால் மூன்று தடம் போதும். முழு ரேக் நீளத்துக்கு ஒரே தடம் போட்டால் வெட்டி ஒட்டும் வேலை போகும். இரண்டு பக்கமும் மெயின் லைனில் இணைத்தால் இன்ஜின் சுற்ற வேண்டாம். இரவிலும் இறக்க விளக்கும் ஆளும் வைத்தால் மாலை ஆறு மணிக்கு வந்த ரேக் காலைவரை தூங்காது.

இதைச் செய்யாமல் வேகன் வாங்கினால் என்ன ஆகும்? புது வேகன்களும் அதே டெர்மினல் வாசலில் வரிசையில் நிற்கும். வரிசை நீண்டால் லூப்புகளில் நிற்கும். லூப் நிறைந்தால் மெயின் லைனில் கிராசிங் நின்றுபோகும். நெரிசலே இல்லாத பாதையில் நெரிசல் வருவது இப்படித்தான்.

கேள்வி: கன்டெய்னர் உயரம் கூடியதால் பாதையை மாற்ற வேண்டியிருக்கிறது என்கிறார்களே?

பதில்: ஆமாம். 2.6 மீட்டர் உயரக் கன்டெய்னரின் இடத்தை 2.9 மீட்டர் கன்டெய்னர் பிடித்துவிட்டது. அந்த 30 சென்டிமீட்டர்தான் பிரச்சினை. பிரிட்டனில் பழைய வளைவுப் பாலங்களும் சுரங்கங்களும் தாழ்வானவை. சாதாரணத் தட்டை வேகனில் 2.9 மீட்டர் கன்டெய்னர் போக பாதையில் டபிள்யூ10 என்ற உயர அகல அளவுக்கு இடைவெளி வேண்டும். சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து மிட்லண்ட்ஸ் பகுதிக்குப் போகும் வழியை அந்த அளவுக்குத் திருத்தி 2011-இல் முடித்தார்கள். பாலத்தை உயர்த்தலாம், அல்லது தடத்தைத் தாழ்த்தலாம். தாழ்த்துவது மலிவு, ஆனால் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். வடிகாலை முதலில் முடிக்காவிட்டால் ஜல்லி சேறாகி, இரண்டே வருடத்தில் வேகக் கட்டுப்பாடு வந்துவிடும்.

கேள்வி: முப்பது வருடத்துக்கு அப்புறம் எவ்வளவு சரக்கு வரும் என்று யாரால் சொல்ல முடியும்? முன்கணிப்பெல்லாம் தேவையா?

பதில்: தேவைதான், ஆனால் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. மொத்த டன்னைச் சதவீதத்தில் வளர்த்துக்கொண்டே போவது மிக மோசமான முறை. ஒவ்வொரு சரக்கையும் அது புறப்படும் இடம், சேரும் இடம் வைத்துத் தனியே கணக்கிட வேண்டும்.

பிரிட்டனின் நிலக்கரி இதற்குத் தெளிவான பாடம். ஒரு காலத்தில் ரயில் சரக்கின் பெரும் பகுதி நிலக்கரி. 2010-களின் நடுவில் அது சில வருடங்களுக்குள் சரிந்தது. கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. துறைமுகத்துக்கும் மின் நிலையத்துக்கும் நடுவே கொள்திறன் மிஞ்சியது. வளர்ந்தது கன்டெய்னரும் கட்டுமானக் கல்லும். அவை போக விரும்பியது வேறு வழிகளில். சும்மா நின்ற நிலக்கரி ஹாப்பர் வேகன்களில் பலவற்றைக் குட்டையாக வெட்டிக் கல் ஏற்றப் பயன்படுத்தினார்கள். நிலக்கரியைவிடக் கல் கிட்டத்தட்ட இரு மடங்கு கனம். நிலக்கரிக்குச் செய்த தொட்டியில் கல் பாதி நிரம்பும்போதே பளு எல்லை வந்துவிடும். மிச்ச இரும்பும் நீளமும் வீண். குட்டையாக்கினால் அதே லூப்பில் அதிக வேகன் நிற்கும். வேகனை வெட்டலாம், பாதையை எடுத்து வேறு இடத்தில் போட முடியாது. அதனால் ஒரே சரக்கை நம்பிப் பாதை போடும்போது அது இல்லாமல் போனால் வேறு எது அதில் ஓடும் என்ற கேள்விக்கும் பதில் எழுதி வைக்க வேண்டும்.

டன்னை ரயிலாக மாற்றும்போது இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. வருடத்துக்கு 50 லட்சம் டன், ரேக்குக்கு 4,000 டன் என்றால் 1,250 ரேக். வேலை நாள் 330 என்றால் நாளுக்கு 3.8. இதை நான்கு என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். உச்ச மாதத்துக்கு 1.3 மடங்கு வைத்தால் ஐந்து. ஐந்து காலி ரேக் திரும்பி வர வேண்டும். ஆக கால அட்டவணையில் பத்து இடம். காலி ரயிலும் பார ரயில் அளவுக்கே பாதையை அடைக்கும்.

கேள்வி: சரக்குக்கென்று தனிப் பாதை போட்டுவிட்டால் எல்லாச் சிக்கலும் தீருமல்லவா?

பதில்: பாதை முடியும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜெர்மன் எல்லை வரை சுமார் 160 கிலோமீட்டர் பெட்டுவே பாதை 2007-இல் திறந்தது. பயணிகள் ரயில் தொல்லையில்லாத நல்ல இரட்டைப் பாதை. எல்லையைத் தாண்டியதும் ஓபர்ஹவுசன் வரை பயணிகளோடு பகிரும் பழைய இரட்டைப் பாதை. அங்கே மூன்றாவது தடம் போடும் வேலை பல வருடம் பின்தங்கியது. பணம் போட்ட பக்கம் முழுப் பலன் பெறவில்லை. காரணம் அடுத்த நாட்டில் இருந்தது.

லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களை நகரின் ரயில் யார்டுகளோடு இணைக்கும் அலமேடா வழித்தடம் 2002-இல் வந்தது. நீளம் 32 கிலோமீட்டர் மட்டுமே. அதில் 16 கிலோமீட்டர் தரைக்குக் கீழே வெட்டிய திறந்த பள்ளம். இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் ரயில் சாலையைக் குறுக்கே கடப்பது இல்லாமல் போனது. 1,500 மீட்டர் ரயில் மணிக்கு 30-இல் போனால் ஒரு கேட் மூன்று நிமிடம் மூடியிருக்கும், அதுவும் ரயில் கடக்கும் நேரம் மட்டும். துறைமுக நகரில் அது எத்தனை லாரியை நிறுத்தும் என்று நினைத்துப் பாருங்கள். அடைப்பு இருந்த இடத்தில் சரியாகக் கை வைத்த திட்டம் இது.

இந்தியாவின் கிழக்கு, மேற்குச் சரக்கு வழித்தடங்கள் 1,337, 1,506 கிலோமீட்டர். 1,500 மீட்டர் ரயில், 25 டன் அச்சுப் பளு. இவ்வளவு பெரிய பாதைக்கும் விதி அதுதான். அதில் வந்து சேரும் பழைய கிளைப் பாதைகளும் தொழிற்சாலைகளுக்குப் பிரியும் சைடிங்குகளும் அதே நீளத்தையும் பளுவையும் தாங்கினால்தான் முழுப் பலன். இல்லாவிட்டால் சந்திப்பில் ரயிலை இரண்டாக வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: மாற்றுப் பாதை என்பது ஆடம்பரமா?

பதில்: இல்லை. 2017 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மனியின் ராஷ்டாட்டில் ஓடிக்கொண்டிருந்த பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டும்போது மேலே தடம் இறங்கியது. ரைன் பள்ளத்தாக்கின் முதன்மைப் பாதை அக்டோபர் 2 வரை மூடிக்கிடந்தது. வடகடல் துறைமுகங்களையும் இத்தாலியையும் இணைக்கும் வழி அது. வரைபடத்தில் மாற்றுப் பாதைகள் இருந்தன. ஆனால் சிலவற்றில் ஒற்றைத் தடம். பிரான்ஸ் வழியே திருப்பலாம் என்றால் பிரெஞ்சு தெரிந்த, அந்தப் பாதை பழகிய லோகோ பைலட் போதவில்லை. அங்குள்ள சிக்னல் கருவி பொருத்திய இன்ஜினும் போதவில்லை. மாற்றுப் பாதையின் லூப் நீளம், உயரம், பளு, மின்சாரம், பைலட் பழக்கம் ஐந்தும் முதன்மைப் பாதையோடு பொருந்தினால்தான் அது மாற்றுப் பாதை. வருடத்துக்குச் சில ரயில்களையாவது அதில் ஓட்டிப் பழக்கம் விட்டுப்போகாமல் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பணமே இல்லாத ஒரு நிர்வாகம் எதிர்காலத்துக்காக இன்று என்ன செய்யலாம்?

பதில்: நிலத்தை விற்காமல் இருக்கலாம். யார்டு ஓரத்தில் சும்மா கிடக்கும் நீளத் துண்டுதான் பதினைந்து வருடம் கழித்து லூப் நீட்ட வேண்டிய இடம். அங்கே ஓர் அடுக்குமாடி எழுந்துவிட்டால் பிறகு எந்தப் பணமும் அதை மீட்டுத் தராது.

புதிதாகக் கட்டும் ஒவ்வொரு சாலை மேம்பாலத்தையும் நாளைய உயரத்துக்கும் இன்னொரு தடத்துக்கான அகலத்துக்கும் கட்டச் சொல்லலாம். கட்டும்போது சேரும் செலவு கொஞ்சம். பிறகு இடித்துக் கட்டினால் முழுச் செலவு. மூடிய சைடிங்கின் பாயின்ட்டை மெயின் லைனிலிருந்து பிடுங்கும் முன் பக்கத்துத் தொழிற்சாலைகளை ஒருமுறை கேட்கலாம். இன்டர்லாக்கிங்கை மாற்றும்போது வரப்போகும் லூப்புக்கும் சேர்த்து உதிரி ரிலேயும் கேபிள் இழையும் விட்டுவைக்கலாம்.

கடைசியாக, கால அட்டவணை. பயணிகள் ரயிலுக்கான கோரிக்கை வருடா வருடம் வரும். சரக்கு ரயில் எப்போது வரும் என்று வாடிக்கையாளருக்கே கடைசி வாரத்தில்தான் தெரியும். காலியாகத் தெரிகிற இடத்தையெல்லாம் கொடுத்துவிட்டால், சரக்கு வரும் நாளில் அதற்கு மிஞ்சுவது நள்ளிரவு ஒரு மணியும், மூன்று லூப்பில் ஒதுங்கி ஒதுங்கிப் போகும் பயணமும்தான். சுவிட்சர்லாந்து சரக்குக்கான இடங்களைப் பல வருடம் முன்பே திட்டத்தில் பூட்டி வைக்கிறது. மணிக்கு இத்தனை என்று எழுதி வைக்கும் அந்த ஒரு வரிக்குச் சிமென்ட்டும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். யாரும் கேட்காத வருடங்களிலும் அதைக் கொடுக்காமல் காக்க ஒரு துறை வேண்டும், அவ்வளவுதான்.